நோட்புர்காவின் ஏரி

"அக்கா, இதைப் பார்க்கவா இத்தனை பேரை மலையேத்திக் கூட்டிட்டு வந்தேன்?"

அணையின் மேல் நின்று தலையில் கை வைத்துக்கொண்டான் பஸ் ஓட்டுநர் கெபார்ட். குளிர்காலம் முடிந்து வந்திருக்கும் முதல் சுற்றுலா பஸ். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே மூடுபனி. ஒரு முழம்கூடத் தெரியவில்லை.

"பனிக்கு நான் என்ன பண்ண, தம்பி?" என்றாள் அணையோரம் உணவு விடுதி நடத்தும் நோட்புர்கா.

"இவங்க மூஞ்சியைப் பாருங்க. ஒரு புகார் போனாப் போதும், பஸ்ஸைப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஏரிக்குத் திருப்பி விட்ருவாங்க. அப்புறம் உங்க சூப்பை நீங்களேதான் குடிக்கணும்."

பக்கத்துப் பள்ளத்தாக்கு என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று பயணிகள் முன்னால் போய் நின்றாள்.

"அங்க இருக்கறது குட்டைங்க. இதுதான் ஏரி! நேரா பாருங்க. நீலமும் பச்சையும் கலந்த நிறம். எதிர்ல இருக்கற சிகரம் அப்படியே தலைகீழாத் தெரியும். எது மலை, எது நிழல்னு புரியாம எங்க வரையாடுங்க நிழல்ல ஏறப் போயி நனைஞ்சிட்டு வரும்."

உர்ரென்று நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஹார்ட்விக் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்துச் சுவருக்கு அப்பால் போட்டார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சத்தமே வரலையேம்மா?"

"நல்ல தண்ணி சார். பக்கத்து ஊர்த் தண்ணிதான் தொட்டதுக்கெல்லாம் கத்தும்."

ஹார்ட்விக் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். திடீரென்று, "அதோ! நீலமா ஒரு கீத்து!" என்றார்.

அவ்வளவுதான். "ஆமா, ஆமா!" என்று எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. வெள்ளைப் பனியை விதவிதமாகப் படம் பிடித்தார்கள். "இப்படி ஒரு ஏரியை நான் பார்த்ததே இல்ல" என்று ஒரு அம்மாள் கண்கலங்கினாள். பிறகு பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தாள்.

"கலக்கிட்டீங்க அக்கா! இனி வாராவாரம் வந்துடுவேன்" என்று கெபார்ட் வண்டியைக் கிளப்பினான். நோட்புர்கா நெஞ்சை நிமிர்த்திக் கையசைத்தாள்.

பஸ் வளைவில் மறைந்ததும் பனி விலகியது. ஏரியின் நட்டநடுவிலிருந்து, முழங்கால் வரை சேற்றோடு, அவள் கணவன் வின்சென்ஸ் நடந்தே வந்து கரையேறினான்.

"மதகு ரிப்பேர் முடிஞ்சு தண்ணி தேக்க இன்னும் ஒரு மாசம் ஆகுமாம்."

"மெதுவா ஆகட்டும். பார்த்தவங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் நோட்புர்கா.