கோல் பிடித்த தோமையார்

கொடைக்கானல் பஜாரில் பழங்காசு விற்கும் ஜஹனாராவிடம், ஜீப் ஓட்டும் ராஜமுருகன் ஒரு தங்கக் காசை நீட்டினான்.

“பாட்டன் காலத்துக் காசுக்கா. கோலோட நிக்கிறது பழனியாண்டவர்னு பூசையில வச்சிருந்தோம்.”

அவள் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“முருகன் இல்ல தம்பி, புனித தோமையார். போர்ச்சுகல்காரங்க கோவாவுல அடிச்சது.”

“விலை போகுமாக்கா?”

“நல்லாவே போகும். உக்காருங்க, டீ போட்டுட்டு வாரேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தாள்.

“சார், வெரசா வாங்க. வெள்ளகவி மலைப்பாதையில காணாமப் போன என் வீட்டுக்காரர் அன்னிக்குக் கொண்டுபோன காசு கடைக்கு வந்திருக்கு. ஓரத்துல இருக்குற கீறல் தங்கமான்னு நான் உரசிப் பாத்தது. கொண்டாந்தவனும் இங்கதான் இருக்கான்.”

“பத்து நிமிஷம் பேச்சுக் குடுத்து உக்கார வையிங்கம்மா.”

கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, டீயைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

“சர்க்கரை போதுமா, தம்பி?”