வாசலில் நாலு கல்லறை

"இத இப்பமே கழத்து."

சந்தியாகு கைத்தடியால் எலும்புக்கூட்டை ஒரு தட்டுத் தட்டினார். பிளாஸ்டிக் எலும்புக்கூடு. கடகடவென்று ஆடியது.

ஸ்டூல் மேல் நின்று மூங்கில் நுனியில் வெள்ளைத் துணிப் பேயைக் கட்டிக்கொண்டிருந்த அன்னமேரி திரும்பவில்லை.

"இன்னைக்கு ஹாலோவீன், அண்ணாச்சி. இருந்துட்டுப் போகட்டும்."

"ஹாலோவீனா? வெள்ளக்காரன் பேய்த் திருநாளு நமக்கெதுக்கு? நாளைக்கழிச்சுக் கல்லறைத் திருநாள். அப்பன் ஆத்தா கல்லறையில மெழுகுவத்தி ஏத்துத ஆளுக நாம. நீ வாசல்ல கல்லறை கட்டி வெளையாடுதியா?"

மும்பை செம்பூரில் மூன்று மாடிக் கட்டடம். கீழ்வீடு அன்னமேரிக்கு. நேர் மேலே, முதல் மாடி சந்தியாகுவுக்கு. சொசைட்டி செக்ரட்டரியும் அவர்தான்.

கீழ்வீட்டுக்கு முன்னால் பத்தடிக்குப் பத்தடி இடம். சுற்றி மூங்கில் நட்டு, கறுப்பு நூலைச் சிலந்தி வலை மாதிரி இழுத்துக் கட்டியிருந்தாள். உள்ளே பிளைவுட்டில் செய்து சாம்பல் பெயிண்ட் அடித்த கல்லறைகள். பெரிசு ஒன்று, சின்னது மூன்று.

சந்தியாகுவுக்குக் கல்லறையைவிடக் கடிகாரம்தான் கவலை. ஐந்து மணிக்கு அவர் வீட்டை விலைக்குப் பார்க்க மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் வருகிறார். ராகுகாலம் பார்க்காமல் செருப்பைக்கூட மாட்டாத மனிதர். வாசலிலேயே கல்லறையைப் பார்த்தால் வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடுவார். இந்த வீடு விலை போனால்தான் மகளும் பேத்தியுமாக வாஷிக்குக் குடிபோக முடியும். அங்கே பிளாட் பேசி முடித்தாயிற்று.

"அவரு வந்துட்டுப் போனதும் நாப்பது பேயக் கட்டிக்கோ. நா கேக்கல. இப்ப கழத்து."

"அஞ்சு நிமிசம்கூட முடியாது, அண்ணாச்சி."

"ஏன் முடியாது?"

"வாயத் தொறந்தா உங்களுக்குக் கோவம் வரும். சொசைட்டி மீட்டிங்ல நா வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

போன மாதம் ஏதோ போர்டு. இந்த மாதம் எலும்புக்கூடு. இந்தப் பொம்பளைக்கு வேறு வேலையே கிடையாது என்று பல்லைக் கடித்தார்.

அப்போது ஒரு ரப்பர் பந்து உருண்டு வந்து நூலுக்கடியில் புகுந்தது. காம்பவுண்டில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின.

"கபர்ஸ்தான்! அவுட்! அவுட்!"

பந்து கல்லறைக்குள் போனால் ஆள் அவுட். ஒரு பிள்ளையும் உள்ளே வரவில்லை. அன்னமேரி ஸ்டூலை விட்டு இறங்கி, வெளியே நின்றபடியே நீளக் கம்பால் பந்தைத் தள்ளிவிட்டாள்.

"பாத்தியா? பச்சப் பிள்ளைகளப் பயங்காட்டி வச்சிருக்க."

"நல்லாப் பயப்படட்டும்."

"திமிரு! வேதக்காரப் பொம்பள பேசுத பேச்சா இது? ஞாயித்துக்கிழமை சாமியார்ட்ட சொல்லுதேன்."

"சொல்லுங்க. அவரும் வந்து பாக்கட்டும்."

கேட்டருகே ஆட்டோ நின்றது. வேங்கடசுப்ரமணியன் இறங்கி மீட்டரைப் பார்த்தார்.

சந்தியாகு அதற்குமேல் பொறுக்கவில்லை. கைத்தடியை நூலில் மாட்டி ஒரு இழு இழுத்தார். வலை மொத்தமாகப் பிய்ந்தது. இரண்டு மூங்கில் சாய்ந்தன. பேய் தரையில் விழுந்தது. எலும்புக்கூட்டைப் பிடுங்கிச் சுவரோரம் எறிந்தார்.

"அண்ணாச்சி, வேண்டாம்! சொன்னாக் கேளுங்க!"

அன்னமேரி அவர் கையைப் பிடித்தாள். உதறினார்.

"ஜி, வாங்க வாங்க!" என்று கேட்டைப் பார்த்துச் சிரித்தார். "சின்னப் பிள்ளைக வெளையாட்டு. இந்தா, எடுத்தாச்சு."

பந்து மறுபடி உருண்டு வந்தது. இப்போது நூல் இல்லை, பேய் இல்லை. பெரிய கல்லறை பக்கத்தில் போய் நின்றது. பின்னாலேயே ஓடி வந்தாள் ஸ்வீட்டி, அவருடைய பேத்தி.

"ஸ்வீட்டி, போவாத!"

அன்னமேரி பாய்ந்தாள். கைக்குக் கிடைத்தது சடைதான். பிடித்து ஒரே இழுப்பு. பிள்ளை மல்லாக்க விழுந்து அலறியது.

"என் பேத்தி மேலயா கைய வைக்க?" சந்தியாகு கைத்தடியை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மேலேயிருந்து தேங்காய்ப் பருமனுக்கு ஒரு சிமெண்ட் கட்டி. பந்து கிடந்த இடத்திலேயே விழுந்தது. தெறித்த வேகத்தில் பெரிய கல்லறை பிய்த்துக்கொண்டு வந்து ஸ்வீட்டியின் காலடியில் குப்புற விழுந்தது.

தூசி அடங்கியது.

வேங்கடசுப்ரமணியன் நிமிர்ந்து பார்த்தார். பூந்தொட்டிகள் வரிசையாக அடுக்கிய முதல் மாடி பால்கனி. அதன் அடியில் துருப்பிடித்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் முதலில். பிறகு மெதுவாக, "நான் பாக்க வந்தது அந்த வீட்டையா, சார்?"

சந்தியாகு ஓங்கிய கைத்தடியைக் கீழே இறக்கினார்.

ஸ்வீட்டி அழுகையை நிறுத்திவிட்டுக் காலடியில் கிடந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம்தான் சாம்பல் பெயிண்ட். பின்பக்கம் சிவப்பில் பெரிய பெரிய இந்தி எழுத்து. எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தாள்.

'மேலே பால்கனி இடிகிறது. குழந்தைகள் யாரும் இங்கே வராதீர்கள்.'

அதன் குறுக்கே கறுப்பு மார்க்கரில் ஒரு வரி. அதையும் விடவில்லை.

'வீடு பார்க்க ஆள் வரும் நேரம். இந்தப் போர்டை உடனே எடு. செக்ரட்டரி.'

கீழே ஒரு கையெழுத்து. அதை அவள் வாசிக்கத் தேவையில்லை. ஸ்கூல் டைரியில் தினமும் பார்க்கிறாள்.

"தாத்தா, இது நீங்க போட்ட சைன்தான?"