அழாத மணப்பெண்

யாங்சி ஆற்றின் பச்சைத் தண்ணீரில் வெள்ளைக் கப்பல் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. கரையோர மர வீட்டின் மாடத்தில் சிவப்புப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருக்கிறாள் சுய்ஃபெங். கீழே சுற்றுலாப் பயணிகளின் நூறு செல்போன்கள் அவளைக் குறிபார்க்கின்றன. இந்த மலைப்பகுதியின் துஜியா இனத்து மணப்பெண் தாயைக் கட்டிக்கொண்டு அழாமல் புகுந்த வீட்டுக்குப் புறப்படுவதில்லை. அதைக் காட்டத்தான் ஆறு வருடமாகத் தினமும் இரண்டு காட்சி அழுகிறாள். இன்று கண் வறண்டு கிடக்கிறது.

"அழுடி, கப்பல் கிளம்பிடும்!" தாயாக நடிக்கும் பெங் அத்தை அவளைக் கட்டிக்கொண்டு காதில் கிசுகிசுக்கிறாள். மூச்சில் பூண்டு வாசம்.

"நாளைக்கு எனக்கு நிஜக் கல்யாணம், அத்தை. அம்மா வரமாட்டேன்னுட்டாங்க."

"நீ பிடிச்ச மாப்பிள்ளை லட்சணம் அப்படி!"

"நீங்களாவது வந்து எனக்காக அழுவீங்களா?"

அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

"நாளைக்கு மூணு கப்பல் வருதேம்மா. உனக்குப் பதிலா உட்கார்றவளுக்கு யாரு அழறது?"

சுய்ஃபெங்கின் உதடு கோணுகிறது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. கீழே கைதட்டல் எழுகிறது. கொடி பிடித்த வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்து நிம்மதியாகச் சிரிக்கிறான்.