தொடர்பில்லாதவை

சாவி என் கையில்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறக்கவில்லை.

அப்பாவின் மாடி வீட்டு வாசலில் இரண்டு நாள் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. கம்பிக்கதவில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட்டும் இரண்டு. நேற்றையது உப்பிப்போய் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

காலை பதினொரு மணி வெயிலில் வாசல் விளக்கு எரிந்தது. அதை அணைக்காமல் அப்பா பல்கூடத் தேய்க்கமாட்டார்.

ஞாயிறு ராத்திரி அவர் போன் பண்ணினார். பரீட்சை இருக்கு, அப்புறம் பேசறேன்பா என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இதோ, செவ்வாய்க்கிழமைதான் வந்திருக்கிறது. நேற்றிலிருந்து அவர் போன் அணைந்து கிடக்கிறது.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அப்புறம் மூன்றானது.

புளித்த நாற்றம் ஒன்று மூக்கில் ஏறியது.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். நான் தடயவியல் மருத்துவமும் குற்றவியலும் மேற்படிப்புப் படிக்கிறவள், இரண்டாம் வருஷம். பெரிய படிப்பு! "உன் பேஷண்ட் எவனும் உன் மேலே புகார் கொடுக்கமாட்டான், கொடுத்து வச்சவ நீ" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பிலேயே சொன்ன விதி ஒன்று உண்டு. இடத்துக்குப் போனதும் இரண்டு கையையும் பாக்கெட்டில் போடு. எதையும் தொடாதே, போலீஸ் வரட்டும். செத்தவர்கள் அவசரப்படமாட்டார்கள், நீயும் அவசரப்படாதே.

கையைப் பாக்கெட்டில் போட்டேன். சாவியும் கூடவே உள்ளே போனது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். தனியாக வசிக்கும் ஆண், வயது அறுபத்தெட்டு, இரண்டு நாளாக நடமாட்டம் இல்லை என்றேன். அப்பா என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. பக்கத்தில்தான் இருக்கிறோம், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

பிறகு படியில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன்.

பழக்கதோஷம், வேறென்ன சொல்ல. பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாவற்றையும் எழுதவேண்டும். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் தொடர்புள்ளவை, வலது பக்கம் தொடர்பில்லாதவை.

இடது பக்கம் கடகடவென்று நிறைந்தது. பேப்பர், பால், விளக்கு, ஈ, நாற்றம். கடைசியாக நடமாடியது ஞாயிறு இரவு. ஏறக்குறைய முப்பத்தாறு மணி நேரம். எழுத்து என் எழுத்தாகவே இல்லை.

வலது பக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கீழ்வீட்டில் யாரோ ஆணி அடிக்கிற சத்தம். விட்டு விட்டுக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றும்போனது. அதையும் எழுதிவைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விதியாவது மண்ணாவது. எனக்குப் பயம். எத்தனையோ பேரைத் துணி விலக்கிப் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் என் அப்பா இல்லை. இந்தக் கதவைத் திறக்காதவரைக்கும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காகத்தான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கான்ஸ்டபிள் வந்து சேர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மூச்சு வாங்க மாடியேறி வந்தவர் கதவில் பதித்த பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாவிக்கு எங்கம்மா போறது?"

நான் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். பால் பையை ஒதுக்கிவிட்டுப் பூட்டைத் திறந்தார். ஈக்கள் பையோடு போயின. நாற்றமும் அதோடு போயிற்று.

வீட்டுக்குள் ஒரு வாடையும் இல்லை.

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அப்பா தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்து அசைந்தது.

"அப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் கான்ஸ்டபிள் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண வெளியே ஓடினார். நான் தரையில் விழுந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். நாடி இருந்தது. மெலிசாக, ஆனால் இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா வாயை அசைத்தார். குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. காதை அவர் வாயருகே வைத்தேன்.

"இப்பதான் வந்தியாம்மா?"

"ஆமாப்பா. இப்பதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அவர் கைக்குள் இருந்த எவர்சில்வர் மக்கைக் கவனித்தேன். விளிம்பு நசுங்கியிருந்தது. அதன் கீழே டைல்ஸ் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது.

"அப்ப வேற யாரோ போலிருக்கு" என்றார் அப்பா. "உன் செருப்புச் சத்தம் மாதிரியே கேட்டுச்சு. அதான் அவ்வளவு நேரம் தட்டினேன்."