சந்துப் பக்க வாசல்

"முப்பத்தொரு லட்சம் வருது சார்" என்றார் இன்ஜினியர் ஆத்மநாதன்.

ரகுநாத் வரைபடத்தையே பார்த்தான். குவைத்தில் இருந்து சேர்த்ததோடு பேங்க் லோனையும் கூட்டினால் இருபத்தெட்டைத் தாண்டாது. கறம்பக்குடியில் இருக்கிற ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே மனையில் கட்டுவதாகத் திட்டம்.

"மூணு லட்சமாவது கொறைக்கணும் சார்."

"கொறைச்சிருவோம். கெஸ்ட் ரூம் வேணுமா? கூடப் பொறந்தவங்க வந்து தங்குவாங்களா?"

"ஒரு தங்கச்சி, வனிதா. வல்லத்திராக்கோட்டையில இருக்கு. சொத்துத் தகராறுல, இனி ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் போனவ. அவ எங்க வரப் போறா? அடிச்சிருங்க."

கெஸ்ட் ரூம் போயிற்று. பிறகு ஃபால்ஸ் சீலிங் போயிற்று. போர்டிகோ டைல்ஸும் போயிற்று.

"மாடுலர் கிச்சனும் வேணாம். கடப்பாக் கல்லு போதும்" என்றாள் அவன் மனைவி அமுதவல்லி.

"நீ ஆசைப்பட்டுக் கேட்டதாச்சே புள்ள?"

"பரவாயில்லங்க."

ஆத்மநாதன், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ரகுநாத்தின் தாயார் பொன்னுத்தாய் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, ஒங்க ரூமுக்குள்ளயே பாத்ரூம் வச்சிருக்கு. நடக்க முடியுதா?"

"வீட்டுக்குள்ள நடந்துக்குவேன் தம்பி. சந்தைக்குப் போய்வரத்தான் இந்தக் காலு விடமாட்டேங்குது."

"சந்தையில ஒனக்கு என்ன ஆத்தா வேலை? காய்கறிதான் வாசல்லயே வருதே" என்றான் ரகுநாத்.

பொன்னுத்தாய் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அப்புறம் சார், ஆத்தா ரூமுக்குச் சந்துப் பக்கம் ஒரு வாசல் போட்டிருக்கு. கதவு, கிரில், சன்ஷேடு, ரெண்டு படி. ஹால்லேருந்து கதவு இருக்கறப்ப இது எதுக்கு?"

"அதானே! யாரு இதைப் போடச் சொன்னது?"

"நாந்தான் போன்ல சொன்னேன்" என்றாள் அமுதவல்லி. "அது இருக்கட்டும்."

ஆத்மநாதன் சிரித்தார். "தனி வாசல்னா தனி ஈபி மீட்டரும் போட்ரலாமா மேடம்?"

ரகுநாத் சிரிக்கவில்லை.

"கிச்சனக்கூட வேணாம்னு விட்டியேன்னு பாத்தேன். இதுக்குத்தானா? நாளைக்கு உள்கதவப் பூட்டிட்டு எங்க ஆத்தாவத் தனியாப் பொங்கித் திங்க விடுறதுக்கு?"

அமுதவல்லி அத்தையைப் பார்த்தாள்.

"ஊருக்காரன் என்ன சொல்லுவான்? மகன் வெளிநாட்டுக்காசுல வீடு கட்டி, பெத்தவளச் சந்துல தள்ளிட்டான்னு சொல்ல மாட்டான்? சார், அந்த வாசல அடிங்க."

"எனக்கு எதுக்குத் தம்பி தனி வாசல்... அடிச்சிருங்க" என்றாள் பொன்னுத்தாய், மெதுவாக.

ஆத்மநாதன் பேனாவை எடுத்தார். அமுதவல்லி வரைபடத்தின் மேல் கையை வைத்தாள்.

"வேணும்னா தலைவாசல் நிலையத் தேக்குக்குப் பதிலா வேம்புல போடுங்க. இத மட்டும் அடிக்காதீங்க."

"ஏன்னு சொல்லித் தொலையேன்!"

"அத்தை சந்தைக்குப் போனது காய் வாங்க இல்லைங்க. வனிதாவப் பாக்க. அதுவும் வரும், ரெண்டு பேரும் வெத்தலைக் கடை ஓரமா ஒக்காந்து பேசிட்டு வருவாங்க. அத்தை கீழ விழுந்ததுலேருந்து அதுவும் போச்சு."

ரகுநாத் ஆத்தாவைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வனிதா ஒங்க வாசப்படியத்தானே மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுச்சு?" என்றாள் அமுதவல்லி. "இது அத்தை வாசப்படி."