எட்டு மில்லிமீட்டர்

பதினாறாவது கண்ணாடி பிரேமையும் மூக்கில் மாட்டி, செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள் அந்தப் பெண்.

என் கடையில், என் விளக்கு வெளிச்சத்தில், என் பிரேமைப் போட்டுக்கொண்டு! ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. பிறகு பிரேமின் காதுக் காம்பில் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் நம்பருக்கும் ஒரு போட்டோ.

நம்பரைப் படம் பிடிக்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். இரண்டு வருடமாக நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இத்தனைக்கும் முக்கால் மணி நேரம் அவளுக்குக் கண் சோதித்திருந்தேன். எங்கள் கடையில் சோதனை இலவசம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. பழைய கண்ணாடியின் உடைந்த காம்பை நூல் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"போன்ல ஆர்டர் போட்டா இங்க உள்ளதுல பாதி விலைதான் சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துரும். திங்கக்கிழமை புது வேலைல சேரணும்," என்றாள், ஒளிவு மறைவே இல்லாமல். "ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு. கொஞ்சம் அளந்து சொல்றீங்களா?"

அடேயப்பா! வீட்டைக் கொள்ளையடித்துவிட்டு மூட்டையைத் தூக்கிவிடச் சொல்வது போல.

அந்த அளவுதான் எங்கள் தொழிலே. லென்ஸின் நடு, கண்மணிக்கு நேரே உட்கார வேண்டும். பவர் கூடக் கூட, அது விலகினால் தலை சுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும். பதினெட்டு வருடம் குனிந்து குனிந்து அளந்திருக்கிறேன். அதை ஓசியில் வாங்கி, முகம் தெரியாத எவனுக்கோ அனுப்புவாளாம்.

பக்கத்துச் செருப்புக்கடையில் ஊரே காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, போனில் வாங்கிக்கொண்டது. போன மாதம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அடுத்தது நான்தான்.

இருந்தும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஸ்கேலை அவள் மூக்கின் மேல் வைத்து அளந்தேன். ஒரு சீட்டில் 68 என்று பெரிதாக எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றி சார். உங்க கடையைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்றேன்."

சொல்லு தாயே, நன்றாகச் சொல்லு.

பல நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மனைவிக்குக் காய்ச்சல். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட நான்தான் தெருமுனைக்குப் போனேன். நேற்றிலிருந்து புது டிரைவரக்கா வருகிறார் என்று வழியெல்லாம் அவளுக்கு ஒரே பெருமை.

வேன் வந்தது. நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறி, விளக்குக் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மகள் தாவி ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

டிரைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதே பதினாறாவது பிரேம்.

"ஐயோ சார், நீங்களா! போட்டதுலருந்து ஒரே தலைசுத்தல். ரோடு ரெண்டு ரெண்டா தெரியுது. பழக நாலு நாள் ஆகும்ல?"

உள்ளே கையை விட்டு என் மகளை மட்டும் தூக்கி இறக்கினேன். பள்ளிக்கூடம் போகணும் என்று அவள் காலை உதைத்தாள்.

வேனுக்குள் இன்னும் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒன்று எனக்கு டாட்டா காட்டியது.

டிரைவர் கியரைப் போட்டாள்.

நான் ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்றேன்.

"அறுபதும்மா," என்றேன். "அன்னைக்கு ஸ்கேல்ல இருந்தது அறுபது."