மான்தோல் பந்து

"கால் வலின்னு போன வருஷமும் இதையேதான் சொன்ன, மச்சான். புதுசா ஏதாவது யோசிச்சு வச்சிருக்கக் கூடாதா?"

வாசலில் நின்ற எல்வுட் சிரித்தான். லைல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடது மணிக்கட்டைத்தான் பார்த்தான். அது இன்னமும் கோணலாகவே இருந்தது.

வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறியும் லக்ராஸ் ஆட்டத்தைப் பன்னிரண்டு வருடம் நகரத்து அணிக்காக ஆடியவன் லைல். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது ஒரு காலம். கடைசி வருடம் எதிரணியில் வந்து நின்றவன் சொந்த அத்தை மகன் எல்வுட். பந்தைத் தட்டிவிட லைல் மட்டையை ஓங்கினான். அடி மணிக்கட்டில் இறங்கியது. ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஊரே சொன்னது. அது கை தவறிய அடி இல்லை என்பது லைலுக்குத் தெரியும். எல்வுட்டின் பிழைப்பு அன்றோடு போனது. லைலும் ஓய்வு பெற்றுக் கிராண்ட் ஆற்றங்கரையில் இருந்த தன் பூர்வகுடி ஊருக்குத் திரும்பினான். எட்டு வருடமாகக் கடைக்குப் போவதுகூட ஆளில்லாத நேரம் பார்த்துத்தான்.

"ஞாயித்துக்கிழமை மருந்தாட்டம். உன் மர மட்டைய எடுத்துக்கிட்டு வந்துடு," என்றான் எல்வுட்.

நோயாளி ஒருவர் குணமாவதற்காக ஊர் ஆண்கள் கூடி லக்ராஸ் ஆடுவது அது. கூப்பிட்டால் மறுக்கிற வழக்கம் இல்லை; லைல்தான் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவந்தான். ஆட்டம் முடிந்ததும் மான்தோல் பந்து அந்த நோயாளிக்குப் போகும். ஆயுள் முழுக்க அவர் வைத்துக்கொள்வார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"நம்ம சொந்தத்துலதான். ரொம்ப நாளா இருக்கு. வாயத் திறந்து சொல்லாம உள்ளயே வச்சுப் புழுங்கிக்கிட்டு இருக்கான்." மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்.

லைலுக்குப் புரிந்துவிட்டது. தான் உடைத்த கைக்காகத் தானே போய் ஆட வேண்டும். அவமானத்தில் காது சுட்டது.

ஞாயிறு காலை, ஊர்ச் சடங்குகள் நடக்கும் நீள்வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் ஓரமாகப் போய் நின்றான். யாரும் எதையும் கிளறவில்லை. மட்டைக்கு எண்ணெய் போட்டாயா என்று மட்டும் ஒருவர் கேட்டார். பந்து தன்னிடம் வந்த போதெல்லாம் லைல் அதை எல்வுட்டுக்கே எறிந்தான். ஒரு தடவை பக்கத்தில் ஓடிவந்தபோது, அடக்க முடியாமல் சொல்லியும்விட்டான்.

"வேணும்னுதான் அடிச்சேன், மச்சான்."

"தெரியும். ஓடு."

ஆட்டத்தை முடிக்கும் ஏழாவது கோல் விழுந்தது. வியர்வையோடு எல்லோரும் வட்டமாக நின்றார்கள். ஆட்டத்தை நடத்திய பெரியவர் பந்தை எல்வுட்டிடம் நீட்டினார். நினைத்தது சரிதான் என்று லைல் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்வுட் நேராக அவனிடம் நடந்து வந்தான். பந்தை அவன் உள்ளங்கையில் வைத்து, தன் கோணல் கையால் அவன் விரல்களை மூடினான்.

"யார் வீட்டுல கொண்டுபோய்க் கொடுக்கணும்?" என்று கேட்டான் லைல்.

"உன் வீட்டுலதான், மச்சான்."